வெளிநாட்டில் இருந்தபடி வீட்டு வேலையைக் கண்காணிக்க 4ஜி கேமரா

வீட்டில் மராமத்து நடக்கும்போது வெளிநாடு போகிறவர்களுக்கு வைஃபை கேமராவைவிட சிம் போடும் 4ஜி கேமராவே சரி. வேலையாட்கள் மெயின் ஸ்விட்சை அணைத்தால் ரவுட்டரும் நின்றுவிடும். 4ஜி கேமராவுக்கு ரவுட்டர் வேண்டாம்; மின்சாரம் போனாலும் அதை ஓடவைக்க ஒரு மினி யுபிஎஸ் (சிறு பேட்டரிப் பெட்டி) போதும். கேமராவின் அடாப்டர் 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

பெரிய எதிரி தூசிதான். டைல்ஸ் வெட்டும் தூள் லென்ஸில் படிந்தால், இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெண்புகையாகிவிடும். தினமும் மாலையில் துடைக்கச் சொல்லிவையுங்கள். வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவானால் 128 ஜிபி மெமரி கார்டு சுமார் 12 நாளில் நிறைந்துவிடும்.

குளியலறையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் கசிவு பார்க்கும்போதுதான் இதன் அருமை தெரியும்: சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறிக்கச் செய்து கேமராவை அங்கே திருப்புங்கள். பூச்சுக்குள் மறையும் குழாய்களுக்கு மட்டும் கேமரா போதாது. பூசும் முன்பே அளவுநாடாவோடு படம் கேட்டு வாங்குங்கள்.