சொந்தமாகச் செய்த இழுவை பேக்ஹோ: வெல்டிங் கோணல் எங்கே காட்டிக்கொடுக்கிறது

ஊரடங்குக் காலத்தில் செய்யத் தொடங்கிய இழுவை பேக்ஹோ, அதாவது டிராக்டரால் இழுத்துப் போகும் சின்ன மண் தோண்டும் இயந்திரம், இன்னும் எங்கள் தோப்பில் ஓடுகிறது. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. மினி டிராக்டரின் கொக்கியில் மாட்டி இழுத்துப் போய், அதன் இரண்டு முட்டுக்காலையும் ஊன்றிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து தோண்ட வேண்டியதுதான். செய்து முடித்த சூட்டிலேயே எழுதியிருந்தால் ‘அருமை’ என்று எழுதியிருப்பேன். எந்த இயந்திரமும் முதல் மாதம் அருமையாகத்தான் ஓடும். செம்மண்ணிலும் சுக்கான் கல்லிலும் சில வருடம் அடிபட்ட பிறகு சொல்வதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 10 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு 1500 சுற்று. அதோடு நேராகக் கப்ளிங் போட்ட கியர் பம்ப், சுற்றுக்கு 14 சிசி. அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் எண்ணெய். அழுத்தம் அளவு மீறாமல் திறந்துவிடும் ரிலீஃப் வால்வை 150 பார் அழுத்தத்தில் நிறுத்தியிருக்கிறேன். இந்த அழுத்தத்தில் 20 லிட்டரைத் தள்ள 5 கிலோவாட் வேண்டும். பம்பின் இழப்பையும் சேர்த்தால் 8 குதிரைத்திறன். எஞ்சின் திணறாமல் இருக்க மிச்சம் இருக்கிறது. பூம் என்னும் முதல் கையைத் தூக்கும் சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 63 மி.மீ. அது நாலரை டன்னுக்கு மேல் தள்ளும், முழு நீளமும் நீள நாலைந்து செகண்டு ஆகும். இதைவிட வேகம் வேண்டும் என்று பெரிய பம்ப் போட்டால் இவ்வளவு லேசான வண்டி குதிக்க ஆரம்பிக்கும்.

நாலரை டன் என்றதும் ஆசைப்பட வேண்டாம். வண்டியின் மொத்த எடையே முக்கால் டன்தான். இறுகிய நிலத்தில் பக்கெட் மண்ணைப் பிடித்து இழுத்தால், மண் வராது, வண்டிதான் மண்ணை நோக்கி வரும். கால்களின் அடியில் பல் வைத்த பிறகு இது பெருமளவு குறைந்தது. நகர்த்துவதற்குத் தனி மோட்டார் கிடையாது. கால்களைத் தூக்கிவிட்டு, பக்கெட்டைத் தரையில் ஊன்றித் தள்ளினால் தானாக நகரும். பழகிவிட்டால் சுகமாகத்தான் இருக்கிறது.

சரி, வெல்டிங்குக்கு வருவோம். ஹைட்ராலிக்கில் வரும் தகராறு அன்றைக்கே தெரியும். எண்ணெய் ஒழுகும், சத்தம் போடும். வெல்டிங்கில் வந்த கோணல் அப்படியில்லை. பெயின்ட் அடித்து நிறுத்தினால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒன்றிரண்டு வருடம் கழித்து, மூட்டுகளைக் கோக்கும் பின் (ஆணி) ஒரு ஓரமாகத் தேய்ந்து, அது சுழலும் புஷ் என்ற வளையத்தின் துளை முட்டை வடிவமாகி வெளியே வரும்.

இரும்பு கோணுவதற்குக் காரணம் எளிது. வெல்டு போடும் இடம் சூடேறி விரியப் பார்க்கிறது. சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு விடுவதில்லை. போக இடமில்லாமல் அந்தச் சூடான பகுதி தனக்குள்ளேயே நசுங்கித் தடித்துப் போகிறது. ஆறும்போது சுருங்கி, முன்பு இருந்ததைவிடக் குட்டையாகிறது. அதோடு உருகி உறைந்த வெல்டிங் ராடும் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து இழுப்பதால் தகடு எப்போதும் வெல்டு இருக்கும் பக்கமாகவே வளையும். எவ்வளவு கிளாம்ப் போட்டாலும் இந்த இழுப்பு உள்ளே இருக்கும். கிளாம்பைக் கழற்றியதும் ஓரளவு வெளிப்படும்.

ஆகவே முதல் வேலை, வெல்டைக் குறைப்பது. நம் பட்டறைகளில் ‘தாராளமாகப் போடு’ என்பதுதான் வழக்கம். 6 மி.மீ. போதும் என்ற மூலையில் 8 மி.மீ. போட்டால் இரண்டு மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் வெல்டின் குறுக்குப் பரப்பு 18 சதுர மி.மீ.யிலிருந்து 32 ஆகிறது. முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல் இரும்பு, அதற்கேற்ற கூடுதல் சூடு, கூடுதல் இழுப்பு. இடைவெளி விட்டு வெட்டிய தகட்டை ராடு ஊற்றி நிரப்புவதும் இதே கதைதான். கேஸ் கட்டிங் செய்த விளிம்பை கிரைண்டர் பிடித்து நேராக்கச் செலவழித்த நேரம் எனக்கு நன்றாகவே பலன் தந்தது.

இரண்டாவது, வரிசை. பூம் என்பது நாலு தகடு சேர்ந்த நீளப் பெட்டி; நாலு மூலையிலும் நீளமான வெல்டு. ஒரு மூலையை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஓட்டினால் வாழைப்பழம்தான் மிஞ்சும். உடன் வேலை செய்த வெல்டர் தம்பிக்குப் பொறுமையே இல்லை. “எதுக்குங்க இத்தனை டேக்? ஒரே ஓட்டா ஓட்டி விட்டரலாமுங்களே” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு விரல் அகலத்துக்கு ஒரு டேக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) வைத்து, முழுப் பெட்டியையும் கட்டி முடித்த பிறகுதான் வெல்டே தொடங்கினோம். ஒரு மூலையில் சிறு துண்டு, அடுத்தது அதற்கு நேர் குறுக்கே உள்ள மூலையில் சிறு துண்டு. வேலை இடமிருந்து வலமாக நகரும். ஆனால் ஒவ்வொரு துண்டும் வலமிருந்து இடமாக, முன் போட்ட துண்டை நோக்கி. கை வைத்தால் தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த சுற்று. கடைசியில் நூல் பிடித்துப் பார்த்தபோது முழு நீளத்துக்கும் அரை நூல் (ஒன்றரை மி.மீ.) கூட வளைவில்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: பின் துளைகள். பின் கோக்கும் இரண்டு காதுத் தகட்டிலும் உள்ள துளைகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு காதையும் ஊடுருவி ஒரே பிரைட் பாரை (வழவழப்பான உருண்டைக் கம்பி) விட்டு, அதன் மேலேயே டேக் வைத்து, அது உள்ளே இருக்கும்போதே வெல்டு செய்தோம். பாரைச் சற்று மெலிதாகக் கடைந்து கொள்ள வேண்டும், ஆறும்போது அவ்வப்போது திருப்பிக்கொண்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் துளை சுருங்கிப் பார் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துளையைக் கடைசி அளவுக்கு முன்கூட்டியே கடையாமல், வெல்டு எல்லாம் முடிந்த பிறகு லைன் போரிங் (எல்லாத் துளையையும் ஒரே கோட்டில் கடைவது) செய்து புஷ் அடித்தோம். ஜேசிபி பழுது பார்க்கும் பட்டறைகளில் எடுத்துவரக்கூடிய லைன் போரிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து செய்துதருவார்கள். இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பூமும் அது திரும்பும் நடுத்தூணும் இப்படிச் செய்தவை. இன்றும் கையால் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் லேசாகத்தான் தெரிகிறது. பக்கெட்டை மட்டும் வெளியே ஒரு பட்டறையில் தயாராக வாங்கினேன். அதன் காதுகளை ஒருபக்கமாக, ஒரே சூட்டில் வெல்டு செய்திருக்கிறார்கள். இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தன. அதே பின், அதே கிரீஸ், அதே மண். பக்கெட் புஷ்ஷை இதுவரை பலமுறை மாற்றியாயிற்று, பூம் புஷ்ஷைத் தொடவேயில்லை. வெல்டிங் கோணலைப் பற்றி யார் கேட்டாலும் இந்த இரண்டு புஷ்ஷையும்தான் காட்டுகிறேன்.

டிராக்டரில் மாட்டும் இழுவைக் கம்பி கொஞ்சம் வளைந்தே வந்தது. அதன் முட்டுத் தகடுகள் ஒரே முகத்தில் இருப்பதால் அது எதிர்பார்த்ததுதான். கேஸ் டார்ச்சால் வளைவின் வெளிப்பக்கத்தில், அகலம் விளிம்பிலும் கூர்முனை உள்ளேயும் இருக்கும்படி முக்கோண வடிவில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி, காற்றிலேயே ஆறவிட்டால் தானாக நிமிரும். சம்மட்டி தேவையில்லை. வெளிப்பக்கம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உள்பக்கம் காய்ச்சினால் வளைவு இன்னும் கூடும்.

விரிசல் ஒன்று வந்தது. பூமின் இழுவிசை தாங்கும் மேல் தகட்டில், முட்டுத் தகட்டின் குறுக்கு வெல்டு முடியும் இடத்தில். விரிசலின் நுனியில் துளை போட்டு நிறுத்தி, முழுவதையும் கிரைண்டரால் தோண்டி எடுத்து, நன்றாகக் காய வைத்த 7018 வகை வெல்டிங் ராடால் நிரப்பினோம். மேலே வைத்த ஒட்டுத் தகடு சதுரமாக இல்லாமல் இரு முனையும் கூராக இருக்கும். சதுரமாக இருந்தால் அதன் குறுக்கு வெல்டிலிருந்தே அடுத்த விரிசல் கிளம்பும். பழுது பார்க்கும்போது எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கரண்ட் சிலிண்டர் வழியாகப் போனால் அதன் பிஸ்டன் ராடிலும் சீலிலும் கைவைத்துவிடும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். சித்திரை வெயிலில் 40 லிட்டர் டேங்க் போதவில்லை, எண்ணெய் கொதிக்கிறது, மதியம் நிறுத்திவிடுகிறேன். வளையும் இடத்தில் உரசும் ஹோஸுக்கு மேலே பழைய ஹோஸையே பிளந்து சுற்றியிருக்கிறேன். பொதுச் சாலையில் இழுப்பதில்லை, டிரெய்லருக்கும் பதிவு வேண்டும் என்பதால். வெளியே போவதென்றால் டெம்போவில் ஏற்றித்தான்.

காசு மிச்சமா என்று கேட்டால், இல்லை. வாடகை ஜேசிபி ஒரு மணி நேரத்தில் எடுக்கும் மண்ணை இது அரை நாளில் எடுக்கும். ஆனால் ஏழு டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியைச் சொட்டுநீர்க் குழாய் ஓடும் தோப்புக்குள் விட முடியாது. தென்னங்கன்றுக்கு மூன்றடிக் குழி, வாய்க்கால் தூர், உடைந்த குழாயைத் தேடுவது என்று தினமும் ஒரு வேலை இருக்கும் தோட்டத்துக்கு இது சரி. பட்டறையில் செய்ததெல்லாம் நிற்குமா என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945இல் இங்கிலாந்தின் உட்டாக்சிட்டரில் வாடகைக் கொட்டகை ஒன்றில் டிப்பர் டிரெய்லர் செய்துதான் தொடங்கினார் என்று அவர்களிடம் சொல்வேன். அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் இன்று ஊரெல்லாம் ஓடுகின்றன.

பக்கெட்டின் காதுகளை வெட்டி எடுத்தாயிற்று. புதுக் காதுகளுக்கான தகடு வந்துவிட்டது, நடுவில் விடும் பாரும் தயார். லைன் போரிங் ஆள் தேதி சொன்னதும் வெல்டு வைக்க வேண்டும்.