வாயிரும்பு இல்லாத கடிவாளம் எண்டு 23,500 ரூபாவை விழுங்கினவன்

இப்பதான் என்னை புளொக் பண்ணிப்போட்டான். கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா குறை நினைக்காதேங்கோ. குதிரைச் சாமான் ஒன்லைனில வாங்கேக்க என்னென்ன பாக்கவேணும் எண்டு கடைசியில விவரமாச் சொல்லுறன்.

என்ர பெட்டைக் குதிரை நுவரெலியாவில ரேஸ் ஓடி ஓய்ஞ்சவள். (நெடுந்தீவுக் குதிரையோ எண்டு கேக்காதேங்கோ, அதுகளைத் தீவை விட்டுக் கொண்டுவர ஏலாது.) முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில, பல்லில்லாத முரசிலதான் கடிவாள இரும்பு கிடக்கும். அந்த இடம் புண். "கொஞ்சநாளைக்கு இரும்பு வேண்டாம்" எண்டிட்டார் மிருக வைத்தியர்.

முகநூலில குதிரைச் சாமான் விக்கிற ஒரு பக்கத்தில கேட்டன். எனக்குத் தேவை சைட்புல்: மெத்தெண்ட தோல் மூக்குப்பட்டை, ரெண்டு பக்கமும் வளையம், அதில வார். அவ்வளவுதான். பெடியன் விலை கதைக்க முதல், "அண்ணை, அவளுக்கு என்ன பேர்? புண் காய்ஞ்சிட்டுதோ?" எண்டான். வொய்ஸில பின்னால குதிரை கனைக்கிற சத்தம் வேற. அதிலதான் விழுந்தன். "பாதியைப் போடுங்கோ" எண்டு மனிசி சொன்னவ. கேட்டனோ? 23,500 ரூபாவையும் அண்டைக்கே பாங்கில போட்டு சிலிப்பும் அனுப்பினன்.

18 நாளால பார்சல் வந்தது. பிரிச்சா, ரெண்டு பக்கமும் சாண் நீள இரும்புக் கை தொங்குது. மூக்குப்பட்டையைக் கீறிப் பாத்தன். உள்ளுக்கை சைக்கிள் செயின், மேல கறுப்பு டேப்! இது ஹக்கமோர். வாயில இரும்பு இல்லைத்தான், ஆனா வாரை இழுத்தா அந்தக் கை நெம்பி மூக்கையும் நாடியையும் சேர்த்து நெரிக்கும். பட்டையும் பெரிசு, எலும்பில நிக்காமல் மூக்கோட்டைக்கு மேல மெத்தெண்ட இடத்துக்கு வழுகுது. குதிரை வாயால மூச்சு விடாது, உது தெரியாதவன் குதிரை வளக்கிறானாம்.

போட்டோ அனுப்பினன். "நீங்கள் பிழையாக் கட்டியிருக்கிறியள் அண்ணை." பிறகு, "குதிரை பழகும் அண்ணை." பிறகு, "முதலாளி கொழும்பில." பிறகு நீல டிக் மட்டும். மச்சான்ர போனால எடுத்தன், குரலைக் கேட்டதும் வைச்சிட்டான். 23,500 ரூபா! வைக்கோலும் தவிடும் விக்கிற விலையில.

சரி, சொன்னதைச் சொல்லுறன். முழுக் காசு போடாதேங்கோ. "இரும்பு இல்லை" எண்ட சொல்லை நம்பாதேங்கோ, சாமானை வீடியோவில வளைச்சுக் காட்டச் சொல்லுங்கோ. மூக்குச் சுத்தளவை நீங்களே நூலால அளவுங்கோ. மிச்சக் கதை பிறகு. அவளுக்கு மருந்து போடுற நேரம், கொட்டிலுக்கை காலால இடிக்கிறாள்.