மீரட் பியூகிள்: வாங்கலாம், மவுத்பீஸை மட்டும் மாற்றிவிடுங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியின் என்.சி.சி. பேண்டுக்காக இரண்டு செம்பு பியூகிள், அதாவது பட்டாளத்தில் ஊதும் குழல் வாத்தியம், வரவழைத்தோம். உத்தரப் பிரதேசத்து மீரட் சரக்கு. பையன்கள் அவற்றை ஊதி, கீழே போட்டு, மழையில் நனைத்து, மறுபடியும் ஊதியாகிவிட்டது. இனி இதைப் பற்றித் தைரியமாக எழுதலாம். வாங்கலாம், கொடுத்த காசுக்கு நஷ்டமில்லை. கூடவே வரும் மவுத்பீஸை, அதாவது உதட்டில் வைத்து ஊதும் முனையை, மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

இதைச் சொல்ல நான் யார் என்றால், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பியூகிள் ஊதிச் சம்பளம் வாங்கியவன். நீலகிரி வெலிங்டனில் கற்றுக்கொண்டு, அப்புறம் பட்டாலியனோடு வடக்கே போனேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன், பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

மீரட்டில் கேட்பதற்கு முன்னால் பள்ளி நிர்வாகம் இணையத்தில் ஒன்றை வாங்கியிருந்தது. படத்தில் தகதகவென்று இருந்தது, விலையும் ஆயிரத்துக்குள். வந்து சேர்ந்ததும் கையில் எடுத்தேன், காகிதம் மாதிரித் தகடு. மடிப்பு சேருமிடத்தில் பற்றவைப்பு அரைகுறை. ஊதினால் அங்கே காற்று கசிந்தது. ஒலி என்று ஒன்று வந்தது, சுரம் என்று எதுவும் வரவில்லை. வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கென்றே செய்கிற பொருள் அது. அதை வாத்தியம் என்று போட்டு விற்கிறார்கள். திருப்பி அனுப்பக் கேட்டதற்கு ‘அலங்காரப் பொருள், ஒலிக்கு உத்தரவாதம் இல்லை’ என்று பதில் வந்தது. விற்பனைப் பக்கத்தில் அந்த வரியை எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ! நீங்கள் வாங்குவதாக இருந்தால் எடையைக் கேளுங்கள், யாராவது அதை ஊதிக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மீரட்டில் ஜாலி கோட்டி என்று ஒரு பகுதி. நாட்டின் பாதிக் கல்யாண பேண்டுகளுக்கு வாத்தியம் அங்கிருந்துதான் போகிறது என்று பேண்டுக்காரர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கன்டோன்மென்ட் ஊர், அதனால் பட்டாளத்து அளவுகள் அங்குள்ள பட்டறைகளுக்கு அத்துப்படி. பழைய நண்பர் ஒருவர் மூலம் ஒரு கடையைப் பிடித்து, ‘பி ஃபிளாட், டியூட்டி பேட்டர்ன், செம்பு உடம்பு, பித்தளை விளிம்பு’ என்று போனிலேயே சொன்னேன். மறுகேள்வி இல்லை. ஒன்றின் விலை மூவாயிரத்தைத் தாண்டியது, லாரி பார்சல் தனி.

பி ஃபிளாட் என்றால் நம் கணக்கில் ஆறரைக் கட்டை. பியூகிளில் அமுக்கப் பொத்தான் கிடையாது. நாலரை அடிக்கு மேல் நீளமான ஒரே குழாயை இரண்டு சுற்றாக மடித்திருப்பார்கள், அவ்வளவுதான். உதட்டை இறுக்கித் தளர்த்தி ஐந்து சுரம் எடுக்க வேண்டும்: கீழ் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம், அதற்கு மேல் காந்தாரம், பஞ்சமம். பட்டாள அழைப்புகள் எல்லாம் இந்த ஐந்துக்குள் அடக்கம். மத்தியமம், தைவதம் என்ற பேச்சே இல்லை.

சரிபார்க்க எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சரைக் கூப்பிட்டேன். சுருதிப் பெட்டியை ஆறரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாக ஊதச் சொன்னார்கள். சட்ஜமும் பஞ்சமமும் ஒட்டி நின்றன. காந்தாரம் ஆர்மோனியத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு இழை இறங்கியிருந்தது. நான் வாத்தியத்தைக் குறை சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் சிரித்தார்கள். ‘சார், தம்பூராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால் தானாகக் கேட்குமே ஒரு அந்தர காந்தாரம், இது அதே இடம்’ என்றார்கள். இத்தனை வருஷம் ஊதியும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

சுருதி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். புது பியூகிள் கொஞ்சம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், மவுத்பீஸைச் சற்று வெளியே இழுத்தால் இறங்கிவிடும். ஏற்கெனவே இறங்கியிருந்தால் ஏற்றுவதற்கு வழியில்லை, திருப்பி அனுப்புங்கள். எங்களுக்கு வந்தவற்றில் ஒன்று சரியாக இருந்தது, மற்றது ஒரு மயிரிழை ஏற்றம். குளிரிலும் சுருதி இறங்கும். வெலிங்டனில் டிசம்பர் விடியலில் ஊதுகிறவன் முதலில் வாத்தியத்தைக் கோட்டுக்குள் வைத்துச் சூடு பண்ணுவான். எங்கள் ஊரில் அந்தக் கவலை இல்லை.

இனி மவுத்பீஸ். கூட வந்ததன் விளிம்பு கத்தி மாதிரி. பையன்கள் பத்து நிமிஷத்தில் உதட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் என் பழைய மவுத்பீஸைப் போட்டு ஊதினேன், அதே குழாயிலிருந்து வேறு ஒலி வந்தது. பிறகு அதே கடையில் வெள்ளி முலாம் பூசியதாக இரண்டு தனியாக வாங்கினோம். டிரம்பெட் மவுத்பீஸ் பொருந்துமா என்று கேட்பார்கள். நுழையும் முனையின் தடிமனை அளக்காமல் வாங்காதீர்கள். நுழைந்தாலும் அதன் கிண்ணம் ஆழம் குறைவு, ஒலி கூராகிவிடும். பியூகிளுக்கு உருண்டையான குரல்தான் அழகு.

என்னென்ன ஊதிப் பார்த்தேன் என்று சொன்னால்தான் வாங்குகிறவர்களுக்கு உதவும். யூனிட்டில் ஒரு நாள் பொழுது பியூகிளில்தான் ஓடும். விடியலில் ரவுஸ். அப்புறம் ஃபால் இன், சாப்பாட்டுக்கு குக்ஹவுஸ், ஆபீசர்ஸ் மெஸ்ஸுக்கு வேறு அழைப்பு, ஆபத்தென்றால் அலாரம். சூரியன் சாயும்போது குவார்ட்டர் கார்டில், அதாவது யூனிட்டின் காவல் இடத்தில், கொடி இறங்கும், அப்போது ரிட்ரீட். அதற்குக் கடிகாரம் உதவாது, மாதத்துக்கு மாதம் நேரம் மாறும். ரிட்ரீட் கேட்டால் வெளியே இருக்கிறவன் எவனும் நகர மாட்டான். கையில் வாளி இருந்தாலும் அப்படியே கொடிப் பக்கம் திரும்பி விறைப்பாக நிற்பான். இரவில் ஃபர்ஸ்ட் போஸ்ட், லாஸ்ட் போஸ்ட், கடைசியில் லைட்ஸ் அவுட். காவல் நிலைகளைச் சுற்றிப் பார்க்க டியூட்டி ஆபீசர் கிளம்பும்போது ஃபர்ஸ்ட் போஸ்ட், பார்த்து முடித்ததும் லாஸ்ட் போஸ்ட் என்று பிரிட்டிஷ் பட்டாளத்தில் ஏற்பட்ட வழக்கம். இறந்தவர்களுக்கு லாஸ்ட் போஸ்ட் ஊதுவது அப்புறம் வந்தது. பெல்ஜியத்தின் இப்ரெ நகரத்தில், முதல் உலகப் போரில் மறைந்தவர்களின் நினைவாகக் கட்டிய மெனின் வாயிலில் 1928 முதல் தினமும் இரவு எட்டு மணிக்கு அதை ஊதுகிறார்கள், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த வருஷங்கள் நீங்கலாக. ஊதுகிறவர்கள் உள்ளூர்த் தீயணைப்புப் படையினர். அங்கே பொறித்த பெயர்களில் நம் நாட்டு வீரர்களும் உண்டு.

குக்ஹவுஸ் துள்ளலானது, நாக்கு வேகமாகத் தட்ட வேண்டும். இந்த பியூகிள் அதில் முதல் தரம், சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுகின்றன. ரவுஸும் சுலபமாக வந்தது. லாஸ்ட் போஸ்ட்தான் சோதனை. நீளமாகப் பிடிக்கும் சுரத்தில் ஒலி நடுங்கக் கூடாது, மெதுவாக ஊதும்போது அடியோடு அறுந்துபோகவும் கூடாது. முதல் பியூகிள் பாஸ். இரண்டாவதில் மேல் பஞ்சமத்தைச் சன்னமாக எடுக்கப் போனால் தடுக்குகிறது, பலமாக ஊதினால் வருகிறது. பையன்களுக்குப் போதும், நினைவு நிகழ்ச்சிக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன். கைவேலைப் பொருளில் இந்த வித்தியாசம் இருக்கும், முடிந்தால் மூன்று நான்கை ஊதிப் பார்த்துப் பொறுக்குங்கள்.

இத்தனை பாடு எதற்கு, ஸ்பீக்கரில் போட்டுவிடலாமே என்றார் பி.டி. சார். நியாயமான கேள்விதான். அமெரிக்க ராணுவத் தளங்களிலேயே இன்று விடியலின் ரெவெலி, ரிட்ரீட், இரவிலும் இறுதிச் சடங்கிலும் ஊதும் டாப்ஸ் எல்லாம் பெரும்பாலும் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பதிவுகள். ரிட்ரீட் கேட்டதும் தளத்துக்குள் ஓடுகிற கார்கூட நிற்கிறது, அந்த மரியாதை போகவில்லை. முன்னாள் வீரர்களின் இறுதிச் சடங்குகளுக்கு ஆள் போதாமல், 2003-ல் பியூகிளின் விரிந்த வாய்க்குள் சொருகும் மின்னணுக் கருவி ஒன்றையும் அங்கே அனுமதித்தார்கள். பொத்தானை அழுத்திவிட்டு வாயில் வைத்து நின்றால் போதும், சில நொடியில் டாப்ஸ் தானாக ஒலிக்கும். ஆள் இல்லாத இடத்தில் வேறென்ன செய்வது? ஆனால் 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியை அடக்கம் செய்தபோது சார்ஜென்ட் கீத் கிளார்க் ஊதிய டாப்ஸின் ஆறாவது சுரம் பிசிறியது. குளிரில் வெகுநேரம் நின்று காத்திருந்த மனிதர். இருபத்துநான்கே சுரத்தில் ஒன்று. அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஸ்பீக்கரைப் பற்றி யார் அப்படிப் பேசப் போகிறார்கள்? பி.டி. சாரிடம் இதைச் சொன்னேன். ‘சரி, ஊதுங்க’ என்றார்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. இதில் தண்ணீர் வடிக்கும் சாவி கிடையாது, ஊதி முடித்ததும் கவிழ்த்துச் சுற்றி உதற வேண்டும். மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரைக் குழாய்க்குள் ஓடவிடுங்கள். வெளியே பாலீஷ் போடலாம். நம் பையன்கள் வீட்டுக் குத்துவிளக்கு ஞாபகத்தில் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள், நன்றாகத்தான் பளபளக்கிறது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். கூட வந்த பச்சைக் குஞ்சக் கயிறு முதல் மழையிலேயே சாயம் விட்டு வெள்ளைச் சட்டையைக் கெடுத்தது, கயிற்றை உள்ளூரிலேயே வாங்குங்கள். மவுத்பீஸைக் கட்டிவைக்கும் சங்கிலியை மட்டும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அனுப்ப மாட்டார்கள், சங்கிலி இல்லாத மவுத்பீஸ் பையன்களிடம் ஒரு வாரம் தங்காது.