போத்தலா, மரக்கன்றா, மழைமானியா?

மலேசியாவின் சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பருவநிலை மாற்றத்தைப் புரியவைக்க மூன்று செயல்திட்டங்களைச் செய்து பார்த்துவிட்டேன்.

மரம் நடுவது எளிது. படமும் அழகாக வரும். நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் பாதிக் கன்றுகள் வெறும் குச்சிகள்.

இரண்டு போத்தல் சோதனைக்குத்தான் கைதட்டல் அதிகம். ஒன்றில் வினிகரையும் சோடா மாவையும் கலந்து கரியமில வாயுவை நிரப்பி, இரண்டையும் வெயிலில் வைத்தால் வாயு நிரப்பிய போத்தலின் வெப்பமானி சற்றுக் கூடுதலாக ஏறும். நானும் இரண்டு வருடம் பெருமையாகச் செய்து காட்டினேன். ஆனால் அந்தச் சூட்டுக்குப் பெரிய காரணம், காற்றைவிடக் கனமான வாயு வெளிக்காற்றோடு கலக்காமல் போத்தலுக்குள் தங்கி, சூட்டை எளிதில் வெளியேறவிடாததே. வானில் நடப்பது வேறு: பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை வாயு உறிஞ்சுகிறது. விடை சரி, வழி தவறு. கணக்குப் பாடமாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

மழைமானிக்குச் செலவே இல்லை. பக்கவாட்டில் வரிகள் இல்லாத போத்தலின் தலையை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடிக்குழி மறையும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழியம் குறிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அளவெடுப்பு. அட்டவணையில் நான் இன்னொரு கட்டமும் சேர்த்தேன்: 'இன்று வீட்டில் பால்வெட்டு (ரப்பர் மரம் சீவுவது) உண்டா?'

ஒரு மாணவி கேட்டாள்: "நேற்றும் இருபது மில்லிமீட்டர், இன்றைக்கும் இருபது. நேற்று பாட்டி வெட்டப் போனார், இன்றைக்கு ஏன் போகவில்லை, டீச்சர்?"

முதல் மழை, பாட்டி வெட்டப் போனதற்கு முந்தின நாள் மாலையில் பெய்தது; அடுத்தது விடியற்காலையில், வெட்டும் நேரத்தில். பட்டை ஈரமானால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரத்தோடு வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்குக்கு வராது. எவ்வளவு பெய்தது என்பதோடு எப்போது பெய்தது என்பதையும் அன்றிலிருந்து அவர்களே எழுதத் தொடங்கினார்கள். வேறு எந்தத் திட்டமும் இப்படி ஒரு கேள்வியைப் பிறப்பிக்கவில்லை.

குறை இதிலும் உண்டு. ஓராண்டுப் பதிவு வானிலைதான். பருவநிலை என்று பேச வழக்கமாக முப்பது ஆண்டுச் சராசரி வேண்டும். 2016 ஏப்ரலில் கடும் வெப்பத்தால் எங்கள் கெடா மாநிலத்தில் சில பள்ளிகள் மூடப்பட்டதைக்கூட இந்த வயதுப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தால்தான் உண்டு. அதனால் பழைய ரப்பர் தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) எழுதிவைத்த மழைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். சில பக்கங்களைக் கரையான் அரித்திருக்கிறது. மிச்சத்தை இரண்டு மாணவர்கள் மாதவாரியாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.