கெந்திங் மலை இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா?

ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பைக் கட்டையால் பிடிக்கும்; டிஸ்க் பிரேக் அச்சருகே உள்ள தகட்டைப் பிடிக்கும். எது நல்லது? ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டிவிட்டு மாமாக் கடையில் உட்காரும் நம் ஆட்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் தே தாரிக் ஆறிவிடும். "அண்ணே, இத்தனை வருஷம் ரிம் பிரேக்லதானே ஓட்டினோம்?" என்பது ஒரு கட்சி. "மழையில கெந்திங் இறங்கிப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி, டிஸ்க் பக்கம். ஆனால் முதல் கட்சி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

எடையில் ரிம்தான் ஜெயிக்கும். 2020 டூர் டி பிரான்ஸின் டைம் ட்ரயலில் (தனித்தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் சுற்று), கடைசி மலை ஏற்றத்தில் ஸ்லோவேனிய வீரர் போகாச்சார் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையைத் தட்டிச் சென்றது ரிம் பிரேக் சைக்கிளில்தான். இருந்தாலும் பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது உலக சைக்கிள் சங்கத்தின் விதி. அந்த வரம்பைத் தொட்ட பிறகு மிச்சம் பிடிக்கும் கிராமால் லாபமில்லை. நமக்கோ, தொப்பையை வைத்துக்கொண்டு கிராம் கணக்கு பேசுவதே அதிகம்.

இறக்கம்தான் விஷயமே. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 785 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகும். ரிம் பிரேக்கில் அந்தச் சூடு டயர் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே ஏறுகிறது. கார்பன் ரிம் என்றால் இழைகளைப் பிணைக்கும் பிசின் இளகலாம், டியூப் வெடிக்கலாம். மழையில் இன்னொரு தொல்லை: பிரேக் கட்டை முதலில் ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். வளைவில் அந்த இடைவெளி பயங்கரம். டிஸ்க் சாலைத் தண்ணீரிலிருந்து தள்ளி, அச்சருகே இருக்கிறது. சூடும் டயருக்குப் போவதில்லை. அகலமான டயர் போடவும் இடம் கிடைக்கும். ஈரத் தாரில் அதுவே பாதி பிடிமானம்.

டிஸ்க்குக்கும் கெட்ட பெயர் உண்டு. 2016 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் வென்டோசோ என்ற வீரரின் கால் கிழிந்தது. டிஸ்க் தகடுதான் காரணம் என்றார் அவர். அது உண்மையா என்ற சர்ச்சை ஓயவில்லை, ஆனாலும் பந்தயங்களில் டிஸ்க்கைச் சோதனையாக அனுமதித்திருந்ததை நிறுத்தினார்கள். பிறகு தகட்டின் விளிம்பை மழுக்கி, 2018இல் முழு அனுமதி கொடுத்தார்கள்.

பராமரிப்பில் ரிம் எளிது: கேபிள், கட்டை, ஒரு ஆலன் சாவி போதும். டிஸ்க்குக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். சில பிரேக்குகளில் ஊற்றும் டாட் (DOT) வகை எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? கை எண்ணெய் பட்டால் தகட்டைப் பிடிக்கும் பேட் கீச்சிடும். ஆனால் ஒன்றை மறக்கிறோம்: மழைச் சேற்று மணல் ரிம்மைத் தேய்த்தால் போவது சக்கரம், டிஸ்க்கைத் தேய்த்தால் போவது ஒரு தகடு.

புத்ராஜெயா சமவெளியில் மட்டும் சுற்றுகிறவர் ரிம் பிரேக்கை மாற்றவே வேண்டாம். கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறி இறங்குகிறவர், புதிதாக வாங்குவதானால் டிஸ்க் வாங்கலாம். பழைய சைக்கிளோடுதான் போவேன் என்பவர் அலுமினிய ரிம் போடட்டும், தேய்மானக் குறியை அடிக்கடி பார்க்கட்டும், மழை தூறினால் வளைவுக்கு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைக் காயவைத்துக்கொள்ளட்டும்.