காஸ்டிக் சோடாவுக்கு எந்த உலோகம்: இரும்பா, எஸ்.எஸ்.ஸா, நிக்கலா?

காஸ்டிக் சோடா என்ற காரத்தை (சோடியம் ஹைட்ராக்சைடு) வைக்கும் தொட்டிக்கும் குழாய்க்கும் எந்த உலோகம் என்றதுமே "316 எஸ்.எஸ். போட்டுவிடுங்கள்" என்பதுதான் பலரின் பதில். எஸ்.எஸ். என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; 304, 316 அதன் ரகங்கள். 316-க்குக் கூடுதல் விலை வாங்கித் தருவது மாலிப்டினம். அது குளோரைடிடம் காட்டும் திறமையைக் காரத்திடம் காட்டுவதில்லை. குளோரைடு தொல்லை இல்லாத இடத்தில் 304 ரகமே போதும்.

அதற்கும் முன்னால் சாதாரண கார்பன் ஸ்டீலைக் கணக்கில் எடுக்க வேண்டும். 50 சதவீதக் கரைசல் சூடேறாமல் இருக்கும்வரை, மலிவான இந்த ஸ்டீல் தொட்டி பல வருடம் உழைக்கும். ஓரளவு இரும்பு கரைந்து சரக்கில் சேரும். தூய்மை முக்கியமென்றால் உள்ளே பூச்சு வேண்டும்.

சூடு 50 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கதை வேறு. வெல்டிங்கை ஒட்டித் தங்கிய இழுவிசையும் காரமும் சேர்ந்து மயிரிழை விரிசல் விடும். தகட்டின் தடிமன் குறையாது, அதனால் தடிமன் அளக்கும் கருவி "எல்லாம் நலம்" என்றே காட்டும். வெல்டிங்குக்குப் பிறகு சூடேற்றி இறுக்கம் தளர்த்தினால் இந்தச் சூட்டு வரம்பு சற்று உயரும்.

இதில் ஒரு பொறி உண்டு. 50 சதவீதக் கரைசல் சுமார் 12 டிகிரியிலேயே உறையத் தொடங்கும் என்பதால் குழாயோடு நீராவிக் குழாயைச் சுற்றுவார்கள். வெப்பமானி 35 காட்டும். நீராவிக் குழாய் ஒட்டிய இடத்தில் சுவரோ 100-ஐத் தொட்டிருக்கும். விரிசல் அங்கேதான் பிறக்கும். கரைசலின் சராசரிச் சூட்டை வைத்து உலோகம் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

304, 316 இரண்டும் கார்பன் ஸ்டீல் தாங்காத மிதமான சூட்டைத் தாங்கும், சரக்கும் சுத்தமாக இருக்கும். ஆனால் அடர்கரைசல் 100 டிகிரியைத் தாண்டினால் இவையும் விரிசலுக்குத் தப்பாது.

அதற்குமேல் நிக்கல்தான் ராஜா. கரைசலைச் சுண்டவைக்கும் ஆவியாக்கிகளிலும், உருகிய காஸ்டிக்கிலும்கூட நிற்கும். 315 டிகிரிக்கு மேல் என்றால் நிக்கல் 200 என்ற ரகம் வேண்டாம்; அதிலுள்ள கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து உலோகத்தை நொறுங்க வைக்கும். கார்பன் 0.02 சதவீதத்துக்குள் அடங்கும் நிக்கல் 201-ஐ எடுக்கவும். காஸ்டிக்கில் குளோரேட் கலந்திருந்தால் நிக்கலும் அரிக்கும், அதை முதலில் சோதித்துவிடுங்கள். வலிமை கூடுதலாக வேண்டுமென்றால் நிக்கல்-குரோமியம் கலவையான இன்கோனல் 600.

அலுமினியமும் துத்தநாகமும் போட்டியிலேயே இல்லை. ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பிக்கொண்டே கரைந்துபோகும். தொட்டிக்கு இவற்றை யாரும் கேட்பதில்லை. டேங்கர் ஹோஸின் கப்ளிங்கிலும் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) போல்ட்டிலும்தான் நுழைந்துவிடும்.