டான்ட்ரோலின்: பழைய குப்பியா, புதிய குப்பியா?

அமெரிக்காவில் ஒரு ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் அவசர வண்டியில் நான் ரொம்ப மதிக்கிற மருந்து டான்ட்ரோலின். நோயாளிக்கு அதைக் கொடுக்கும் நிலைமை எனக்கு இதுவரை வந்ததில்லை, வரவே வேண்டாம்.

சிலருக்குப் பிறவியிலேயே தசையில் ஒரு கோளாறு இருக்கும், செவோஃப்ளூரேன் மாதிரி மயக்க வாயுவோ, தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலினோ உள்ளே போனதும் தசைக்குள் கால்சியம் கட்டுப்பாடில்லாமல் கொட்டி, தசை இறுகி, உடம்பே அடுப்பு மாதிரி கொதிக்க ஆரம்பித்துவிடும். இதன் பெயர் மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா, இதற்கான மருந்துதான் டான்ட்ரோலின். காய்ச்சல் தெரியும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும், மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு மானிட்டரில் ஏறுவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. 1960-ல் மெல்போர்னிலிருந்து டென்பரோவும் லவெலும் இதைப் பற்றி எழுதினார்கள். கால் உடைந்து வந்த ஒரு இளைஞருக்குக் காலைவிட மயக்க மருந்தை நினைத்துத்தான் பயம், ஏனென்றால் சொந்தத்தில் பத்து பேர் அதில் இறந்திருந்தார்கள். டான்ட்ரோலின் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

சரி, குப்பிக்கு வருவோம். பழைய குப்பியில் இருப்பது 20 மில்லிகிராம்தான். 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸ் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று போட்டால் 175, அதாவது ஒன்பது குப்பி. ஒவ்வொன்றிலும் 60 மில்லி ஸ்டெரைல் வாட்டர் (சலைன் கூடாது) ஏற்றி, அந்த ஆரஞ்சுப் பொடி தெளிந்த மஞ்சளாகும்வரை குலுக்க வேண்டும். காலாவதியான குப்பிகளை வைத்துப் பயிற்சி செய்தபோது நாலாவதிலேயே மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது, அடியில் இன்னும் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. நிஜ நேரத்தில் இரண்டு பேர் இதற்கே போய்விடுவார்கள், அப்புறம் ஐஸ் வைப்பது யார், ரத்தம் எடுப்பது யார்?

2014-ல் வந்த ரயனோடெக்ஸ்தான் புதிய குப்பி, அதுவும் டான்ட்ரோலின்தான். இதில் ஒரே குப்பியில் 250 மில்லிகிராம், 5 மில்லி தண்ணீர் போதும். மூன்று குப்பி வைத்தால் பழையதில் 36 வைத்த மாதிரி. பழையதோடு சேர்ந்தே வரும் மானிட்டால் (சிறுநீரைக் கூட்டும் மருந்து) இதில் மிகக் குறைவு, தேவைப்பட்டால் தனியாகக் கொடுக்க வேண்டும், இதை மறக்கக்கூடாது. விலையும் கூடுதல்தான்.

கையில் காசு இருக்கும் மருத்துவமனை யோசிக்காமல் புதியதை வாங்கலாம். பழையது வைத்திருப்பவர்கள் காலாவதியானதைத் தூக்கிப் போடாதீர்கள், பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு தியேட்டரில் எல்லோரையும் ஆளுக்கு ஒன்று குலுக்கச் சொல்லுங்கள்.